துணி இன்னும் சொட்டுதேடா: ஒரு டாப் லோடு மெஷினோடு ஒன்பது வருடம்

2015 தீபாவளிக்கு முன்னால் வாங்கிய வாஷிங் மெஷின் இது. ஆறரை கிலோ, மேலே திறந்து துணி போடுகிற டாப் லோடு, ஃபுல்லி ஆட்டோமேட்டிக். கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. சொல்லப் போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி மெஷினிலும் வருவதுதான். வீடு மடிப்பாக்கத்தில். போர் தண்ணீர், வாளியில் வெள்ளை பூத்துவிடும் அளவுக்கு உப்பு. தினம் ஒரு லோடு. துவைப்பதில் இது ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. பண்ணிய மக்கர் எல்லாம் பிழிவதில்தான்.

முதல் வருடமே ஆரம்பித்தது. ஸ்பின் தொடங்கும், நாலு சுற்றிலேயே டிரம் தடதடவென்று பக்கத்தில் இடித்து நிற்கும். தானே தண்ணீர் பிடித்துத் துணியைப் பரப்பிப் பார்க்கும், மறுபடி நிற்கும். பன்னிரண்டு நிமிடம் என்று காட்டுவது ஒரு மணி நேரம் கழித்தும் பன்னிரண்டிலேயே இருக்கும். ஒரு காரணம் அம்மாவின் பவானி ஜமக்காளம். தனியாகப் போட்டால் நனைந்து ஒரே பக்கம் சுருண்டுகொள்ளும். இன்னொரு காரணம் தரை. துவைக்கிற இடத்தில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள். அதன்மேல் மெஷினை வைத்தால் அதுவும் சாய்ந்துதானே நிற்கும்? பக்கத்து வீட்டில் வேலை பார்த்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மெஷின்மேல் வைத்தேன். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. முன்கால் ஒன்றைத் திருகி உயர்த்தி நட்டை இறுக்கியதும் பாதிச் சத்தம் போனது.

மூன்றாம் வருடம் வேறு கதை. துவைத்து முடிந்தும் தண்ணீர் அரை டிரம் அப்படியே நின்றது, ஸ்பின்னே வரவில்லை. இந்த மாதிரி மெஷின்கள் பலவற்றில் தண்ணீரை வெளியேற்றப் பம்ப் கிடையாது. அடியில் ஒரு வால்வு, அதை இழுத்துத் திறக்க ஒரு சின்ன டிரெயின் மோட்டார், அவ்வளவுதான். தண்ணீர் தன் பாரத்திலேயே இறங்கிப் போகும். அதே மோட்டார் அதே இழுப்பில் கிளட்சையும் நகர்த்தும். அது நகர்ந்தால்தான் டிரம் பிரேக்கிலிருந்து விடுபட்டு முழு வேகத்தில் சுற்றும். அந்த ஒரு சாமான் போனால் தண்ணீரும் இறங்காது, பிழியவும் பிழியாது. மெஷினே போய்விட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு மோட்டார் போகவில்லை. தண்ணீர் விடுகிற நேரத்தில் கீழே காது வைத்தால் அது 'டிக்' என்று இழுக்கிற சத்தம் கேட்டது. சத்தம் வந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றி, பின்பக்கம் வால்வு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஹேர்பின். அதைச் சுற்றி முடி, நூல், பஞ்சு எல்லாம் கயிறு மாதிரித் திரிந்து கிடந்தது. டிரெயின் குழாயின் முனையும் வாசற்படி மேல் ஏறிப் போயிருந்தது. பம்ப் இல்லாத மெஷினில் தண்ணீர் எப்படி மேடு ஏறும்? அதையும் தாழ்த்திவிட்டேன்.

2019 கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீருக்கு மாறினோம். ஸ்பின் ஆரம்பித்ததும் அடியில் நுரை பொங்கியது, டிரம் மூச்சு முட்டுகிற மாதிரி மெதுவாகச் சுற்றியது. உப்புத் தண்ணீருக்குப் பழகிய கையால் அதே இரண்டு கரண்டி பவுடரைப் போட்டிருக்கிறோம். ஒரு கரண்டியாக்கியதும் சரியாகிவிட்டது. இதுவும் செலவே இல்லாமல் தீர்ந்தது.

ஆறாம் வருடம்தான் பெரிய தலைவலி. தண்ணீர் போகிறது, ஸ்பின் சத்தமும் கேட்கிறது. துணியை எடுத்தால், "இன்னும் சொட்டுதேடா" என்கிறார் அம்மா. டாப் லோடு மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில்தான் பிழியும். 1200, 1400 சுற்றுகிற, முன்பக்கம் திறக்கிற ஃப்ரண்ட் லோடு மாதிரிக் காய்ந்து வராது, அது தெரியும். ஆனால் இது தரையெல்லாம் சொட்டியது. வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்தார், ஒரு தடவை ஓட்டினார். "மோட்டார் வீக் சார், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் தெரு எலெக்ட்ரிஷியன் அண்ணன் வந்து மெஷினைச் சுவரில் சாய்த்தார். தரையில் மை கொட்டிய மாதிரிக் கறுப்புப் பொடி. மோட்டார் சுற்றுவதை டிரம்முக்குக் கொண்டுபோகிற பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு அங்குலம் உள்ளே போனது. "மோட்டார் நல்லாத்தான் தம்பி சுத்துது. பெல்ட்டு வழுக்குது" என்றார். பழைய பெல்ட்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிது வாங்கினோம், 280 ரூபாய். மோட்டார் போல்ட்டைத் தளர்த்திப் பின்னால் தள்ளி, பெல்ட் விறைப்பானதும் இறுக்கினார். மோட்டார் சுற்றத் தொடங்க உதவுகிற கெப்பாசிட்டர் பக்கம் நான் கை நீட்டியபோது தட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கி அடிக்கும். மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமியும் சுற்றாவிட்டால் அந்தக் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம், ஆனால் அது தெரிந்தவர் வேலை.

அந்தப் புது பெல்ட் எட்டே மாதம்தான் வந்தது. இந்தத் தடவை எலி. அடிப்பக்கம் திறந்தே இருக்கிற மெஷின் அதற்கு வீடு மாதிரி. ஒயர் இரண்டையும் சேர்த்துக் கடித்திருந்தது. எலி கடித்ததற்கு வாரண்டியும் கிடையாது. கீழே கம்பி வலை அடித்து மாட்டினேன். அதை வாங்கிய அன்றே செய்திருக்கலாம்.

போன வருடம் டிரம்மைத் தொங்கவிட்டுத் தாங்குகிற சஸ்பென்ஷன் கம்பிகள் தளர்ந்து கான்கிரீட் கலவை மெஷின் மாதிரிச் சத்தம் போட்டது. நாலையும் சேர்த்தே மாற்றினோம்; ஒன்றை மட்டும் மாற்றினால் டிரம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

ஒன்பது வருடத்தில் ரிப்பேருக்குப் போனது நாலாயிரத்துச் சொச்சம். மோட்டார் இன்னும் கம்பெனியில் வந்ததேதான். ஜமக்காளத்தை மட்டும் இப்போது அம்மா மொட்டை மாடியில் கல்லில் அடித்துத் துவைக்கிறார். பிழிய மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்.