பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆங்கில வாசிப்பு வகுப்பு: ஏழு மாத அனுபவம்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென்று நடக்கும் ஆங்கில வாசிப்பு வகுப்புக்கு, ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகளை ஏழு மாதங்களாக அனுப்பி வருகிறேன். வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம். மாதக் கட்டணம் 120 ரிங்கிட். குறைகளையும் எழுதவிருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்க்கிறேன்.

தமிழிலும் மலாயிலும் எழுத்தைக் கூட்டினால் ஒலி வந்துவிடும் என்ற பழக்கத்தில் அவள் ஆங்கிலத்தையும் கடகடவென்று வாசிப்பாள், முடித்ததும் "என்ன கதை?" என்று கேட்டால் விழிப்பாள். ஆனாலும் கருத்துணர்தல் பயிற்சிகளில் மதிப்பெண் குறையாது. இந்தப் புதிருக்கு விடை பெற்றோர் சந்திப்பில் கிடைத்தது. "குமுலி டம்பனைப் பிசுக்கினான்" என்று ஆசிரியை வெண்பலகையில் எழுதி, யார் பிசுக்கினான், யாரைப் பிசுக்கினான் என்று கேட்டார். எல்லோரும் சரியாகச் சொன்னோம். "பிசுக்குவது என்றால் என்னங்க?" என்று அவர் அடுத்துக் கேட்டபோதுதான், பிள்ளைகள் கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து அந்த வரியையே விடையாக எழுதிவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு உறைத்தது.

நூலைத் தேர்ந்தெடுக்கும் முறை இந்த வகுப்பின் பெரிய பலம். உதவியின்றி ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்களின் முடிவு. அதாவது நூறு சொற்களில் தெரியாதவை இரண்டுக்கு மேல் போகக்கூடாது. முதல் நாள் என் மகளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொன்னார்கள். ஒன்பது விரல்கள் மடங்கின. அந்த நூலை வாங்கி வைத்துவிட்டு, 400 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் முதல் படிநிலை நூலைத் தந்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இவ்வளவு எளிய நூலா என்று எனக்குச் சற்று மானக்குறைவாகத்தான் இருந்தது. அவளோ தன் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் ஆங்கில நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தாள்.

ஒரு நாள் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். "ஷீ லெஃப்ட் த ஹவுஸ் அட் செவன்" என்ற வரிக்கு, "அவள் ஏழு மணிக்கு வீட்டுக்கு இடது பக்கம் இருந்தாள்" என்று என் மகள் பொருள் சொன்னாள். ஆசிரியை திருத்தவில்லை. "சரிம்மா, அடுத்த வரியை வாசி" என்றார். அடுத்த வரியில் அந்தப் பெண் ரயிலில் இருந்தாள். "இடது பக்கம் நின்றவள் ரயிலுக்கு எப்படி வந்தாள்?" மகள் முந்தைய வரிக்குத் திரும்பி, சிறிது நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "கிளம்பிட்டாளா, டீச்சர்?" என்றாள். தமிழில் பதில் சொல்ல அனுமதித்ததால்தான் அவள் எங்கே இடறினாள் என்பதே தெரிந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே பேசவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வகுப்பாக இருந்திருந்தால், தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான்: படித்த கதையை வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாத என் தாயாருக்கு இவள் தமிழில் சொல்கிறாள். "அவன் ஏன் திரும்பிப் போனான்?" என்று பாட்டி குறுக்கே கேட்கும்போது, சில சமயம் நூலை எடுத்துவர ஓடுகிறாள். எந்தப் பயிற்றுநூலும் இப்படி அவளை மறுபடி வாசிக்க வைத்ததில்லை.

இனி குறைகள். ஆறு பேராக இருந்த வகுப்பு பதினொன்றாகிவிட்டது; ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிக்கக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆறாம் ஆண்டு முடிவில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இலேயே நீக்கப்பட்டும் சில பெற்றோர் பயிற்சித்தாள் கேட்டு நச்சரிக்க, கடந்த இரண்டு மாதங்களாகக் கடைசி அரைமணி நேரம் அதற்கே போகிறது. எதை ஒழிப்பதாகச் சொல்லித் தொடங்கினார்களோ, அதையே கொல்லைப்புறமாக அழைத்து வந்துவிட்டார்கள். இரவல் அலமாரியிலும் பனிமனிதனும் புகைபோக்கியும்தான் மிகுதி. நம் ஊர் வெயில் காயும் கதை அரிது. கார் நிறுத்தும் பாடு பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குத் தெரிந்ததே.

சரளமாக வாசித்தும் கதையைச் சொல்லத் திணறும் பிள்ளைக்கு இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு இது பொருந்தாது. வியாழக்கிழமை மாலைக் குழுவில் இன்னும் ஏழு பேர்தான் இருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் மகளை அதற்கு மாற்றியிருக்கிறேன். பயிற்சித்தாள் வேண்டாம் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன்.