ரிக்கோர்டி ஆவணக்காப்பகத்தின் இணையத் தொகுப்பு: ஓப்பராத் துயரங்களின் ஓவியங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய ஓப்பராவின், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தின், துயரக் காட்சிகளை ஓவியங்களாகக் காண விரும்புவோருக்கு, மிலான் நகரத்து ரிக்கோர்டி வரலாற்று ஆவணக்காப்பகம் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் இணையத் தொகுப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1808இல் ஜொவான்னி ரிக்கோர்டி தொடங்கிய இந்த இசைப் பதிப்பகம், டொனிஸெட்டி, வெர்டி, புச்சினி ஆகியோரின் இசையை அச்சிட்டதோடு நில்லாமல், அவர்களுடைய படைப்புகள் மேடையேறும் விதத்தையும் பெருமளவு தன் கையில் வைத்திருந்தது. உடைகளுக்கும் அரங்குகளுக்குமான மூல ஓவியங்கள் அங்கே சேர்ந்தது அதனால்தான்.

இத்தொகுப்பில் என்னை அதிகம் ஈர்த்தவை, 1887இல் மிலானின் லா ஸ்காலா ஓப்பரா அரங்கில் முதன்முதலாக மேடையேறிய வெர்டியின் 'ஒதெல்லோ'வுக்காக ஆல்ஃப்ரேதோ எடெல் தீட்டிய உடை ஓவியங்கள். பார்ப்பவரை அழவைக்க வேண்டும் என்பது இவற்றின் நோக்கமே அல்ல. துணி எப்படி விழ வேண்டும், மடிப்பு எங்கே வர வேண்டும் என்று தையற்காரருக்குச் சொல்வதற்காக வரையப்பட்டவை. ஆனால் நான்காம் அங்கத்தில், கணவன் ஒதெல்லோவின் கையால் கொல்லப்படுவதற்குச் சற்று முன், டெஸ்டிமோனா தன் வெண்ணிற மணவுடையைப் படுக்கையில் விரித்து வைக்கச் சொல்வதையும், தான் முந்தி இறந்தால் அந்த முகத்திரைகளுள் ஒன்றோடு தன்னை அடக்கம் செய்யுமாறு தோழி எமிலியாவிடம் கேட்பதையும் அறிந்தவருக்கு, இந்த நாடகத்தில் துணி என்பது வெறும் அலங்காரமாக இராது. இதே ஓப்பராவுக்கு ஜூலியோ ரிக்கோர்டி எழுதிய மேடையமைப்புக் கையேட்டையும் தேடிப் படிப்பது நல்லது. யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை வரைபடங்களோடு விளக்கும் அந்நூலைப் படித்துவிட்டு ஓவியங்களுக்குத் திரும்பினால், தனித்தனியே நிற்கும் உருவங்கள் ஒரே காட்சிக்குள் வந்து சேர்கின்றன.

ஒரு துயரக் கணத்தை முழுக்காட்சியாகவே காண வேண்டுமென்றால் புச்சினியின் 'டோஸ்கா' ஓப்பராவுக்காக அடோல்ஃபோ ஹோஹென்ஸ்டைன் வரைந்த சுவரொட்டிதான் அதற்கு ஏற்றது. ஓப்பரா 1900 ஜனவரியில் ரோமில் அரங்கேறியது. சுவரொட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் உருவானது. தன்னை அடைய முயலும் காவல் தலைவன் ஸ்கார்பியாவை இரவு உணவு மேசையில் கிடந்த கத்தியால் கொன்ற பாடகி டோஸ்கா, உடனே ஓடிவிடாமல், பிணத்தின் தலைமாட்டில் மெழுகுவர்த்திகளை வைத்து, மார்பில் சிலுவையையும் வைக்கிறாள். குத்தும் கணத்தை விட்டுவிட்டு இந்தச் சடங்கை ஓவியர் தேர்ந்தெடுத்ததை அவருடைய மிக நல்ல முடிவாகக் கருதுகிறேன். வெறுத்தவனுக்கும் இறுதி மரியாதை செய்யாமல் போக முடியாத அவளுடைய பக்தி இங்கேதான் தெரிகிறது. அதே பதிப்பகத்துக்காக ரொபெர்த்தோ ஃபொகோசி முன்னர் வரைந்த, இசை நூல்களுக்கான கல்லச்சு (லித்தோகிராஃப்) முகப்போவியங்களும் அழகானவையே. எனினும் அவற்றின் விரித்த கைகளும் பின்சாய்ந்த உடல்களும் எனக்குச் சற்று மிகையாகவே தோன்றுகின்றன.

தளம் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் இயங்குகிறது. கதைச்சுருக்கத்தை முன்பே படித்துவிட்டு, ஓப்பராவின் பெயரையோ ஓவியரின் பெயரையோ கொண்டு தேடுவதே எளிது. 'கவல்லெரியா ருஸ்திக்கானா', 'பாலியாச்சி' ஆகிய புகழ்பெற்ற ஓப்பராக்களை எதிர்பார்த்து வருவோர் மட்டும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அவ்விரண்டையும் வெளியிட்டது ரிக்கோர்டியின் போட்டியாளரான சொன்ஸோன்யோ நிறுவனம் என்பதால், அவற்றின் ஓவியங்களுக்கு வேறிடம்தான் நாட வேண்டும்.