'நோ நீட்' போதுமா? தேவையில்லை என்பதை ஆங்கிலத்தில் பதமாகச் சொல்ல எது சரி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் வழியெங்கும் தென்னந்தோப்பு, இடையிடையே நார் மில், பித் என்கிற தேங்காய் நார்த்தூள் காயும் களம். இங்கே அமுக்கிக் கட்டும் 5 கிலோ பித் கட்டி கொச்சி, தூத்துக்குடி வழியாக நெதர்லாந்து, கொரியா, அமெரிக்கா என்று போகிறது. களத்தில் நிற்கிறவர்களுக்கு மழையோடு மல்லுக்கட்டு. ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆங்கில மெயிலோடு. விலை சொல்வதும் ஆர்டர் கேட்பதும் சீக்கிரம் பழகிவிடும். 'அது தேவையில்லை' என்பதை எதிராளி முகம் சுளிக்காதபடி எழுதுவதுதான் கடைசி வரை இழுக்கும்.

நம் பேச்சில் இந்தப் பாடு இல்லை. 'வேண்டாங்க', 'இருக்கட்டுங்க' என்றால் அந்த 'ங்க' மரியாதையைப் பார்த்துக்கொள்ளும். எல்லைக்கு அந்தப் பக்கம் 'வேண்டா சேட்டா'. அதே பழக்கத்தில் 'நோ நீட் சார்' என்று எழுதுகிறோம். உள்ளூர் ஏஜென்டுக்கு அந்த 'சார்' போதும், அவருக்கு நம் தொனி தெரியும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு 'சார்' காதில் விழாது, 'நோ நீட்' மட்டும் விழும். ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்தை எடுக்கிறோம் என்பதிலேதான் மரியாதை இருக்கிறது.

முதல் போட்டி 'நோ நீட்'டுக்கும் 'தேர் இஸ் நோ நீட் டு' என்பதற்கும். போனில் சிரித்துக்கொண்டே 'நோ நீட், தேங்க்ஸ்' என்றால் குறையில்லை. எழுத்தில் தனியாக நின்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போல் இருக்கும். 'தேர் இஸ் நோ நீட் டு செண்ட் அனதர் சாம்பிள்' என்று நீட்டினால் எதைச் செய்ய வேண்டியதில்லை என்பது தெளிவாகிறது. 'முதல் சாம்பிளிலேயே ஈசி அளவு (பித்தில் உள்ள உப்பைக் காட்டும் அளவு) சரியாக வந்துவிட்டது' என்று காரணமும் சேர்ந்தால் அது கிட்டத்தட்ட பாராட்டாகவே ஆகிவிடும்.

இந்த வாக்கியத்தில் 'நான்', 'நீ' இரண்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளை விலக்கிவிட்டு விஷயத்தை மட்டும் பேசுவது மரியாதையின் ஒரு வழி என்று மொழி ஆய்வாளர்கள் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதினார்கள். 1978இல் கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்த அந்த ஆய்வு ஆங்கிலத்தையும் மெக்சிகோவின் செல்டால் மொழியையும் எடுத்துக்கொண்டது. மூன்றாவது மொழி தமிழ். அதுவும் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் கேட்ட தமிழ். உலகமெங்கும் மரியாதையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் நம் பக்கத்துப் பேச்சையும் வைத்துத்தான் நடத்துகிறார்கள். நாம்தான் மெயிலில் 'நோ நீட் சார்' என்று முடிக்கிறோம்!

ஆனால் 'தேர் இஸ் நோ நீட்' எல்லா இடத்திலும் சாது அல்ல. வேலைக்கு முன்னால் வந்தால் பதம். நடத்தைக்கு முன்னால் வந்தால் கண்டிப்பு. 'தேர் இஸ் நோ நீட் டு ஷவுட்' என்பதை யாரும் சலுகையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'வொரி' மட்டும் விதிவிலக்கு. அதோடு வந்தால் ஆறுதல்.

அடுத்தது 'யூ டோன்ட் ஹேவ் டு', 'யூ டோன்ட் நீட் டு', 'யூ நீடன்ட்'. மூன்றுமே கட்டாயமில்லை, செய்தாலும் தவறில்லை என்கின்றன. மூன்றாவது பிரிட்டிஷ் வாடை அடிக்கும். அமெரிக்கர்களிடம் முதல் இரண்டே புழக்கம். பேச்சில் எனக்குப் பிடித்தது 'யூ டோன்ட் ஹேவ் டு'. எதிராளியின் தோளிலிருந்து ஒரு வேலையை இறக்கி வைக்கிறது. பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்கு ரசீதின் ஒரிஜினலைக் கூரியரில் அனுப்புமாறு பையர் கேட்டிருந்து, பிறகு அந்தக் காகிதம் இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் போதும் என்று முடிவானால், அவர் பக்கமிருந்து வர வேண்டிய வாக்கியம் இதுதான்.

இந்த மூன்றுக்கும் பக்கத்தில் நல்ல பிள்ளை போல நிற்பது 'மஸ்ட் நாட்'. நம் 'வேண்டாம்' கட்டாயமில்லை என்றும் கூடாது என்றும் இரண்டு வேலை பார்ப்பதால் இங்கே வழுக்கும். 'மஸ்ட்' என்றால் கட்டாயம், அப்படியானால் 'மஸ்ட் நாட்' கட்டாயமில்லை என்று கணக்குப் போடுகிறோம். அது தடை. சரக்கை அடுக்கி வைக்கும் பலகைத் தட்டான பேலட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிச் சரக்கோடு போகும் மரப் பேலட்டுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. வழக்கமான வழி, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு விடாமல் 30 நிமிடம் நிற்க வேண்டும், அப்புறம் முத்திரை. ப்ளைவுட் போலப் பசையும் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்த பலகைக்கு விலக்கு. ஆக, ப்ளைவுட் பேலட்டுக்கு 'யூ டோன்ட் ஹேவ் டு ட்ரீட் இட்' என்றால் சரி. 'யூ மஸ்ட் நாட் ட்ரீட் இட்' என்று எழுதினால் சூடேற்றுவதே குற்றம் என்று பையர் படிப்பார். அடுத்த மெயிலில் ஏன் என்று கேள்வி வரும்.

கடந்த காலத்துக்கு இரண்டு. 'யூ டிடின்ட் நீட் டு செண்ட் இட்' என்றால் அனுப்பினாரா இல்லையா என்பதை வாக்கியம் சொல்லாது. 'யூ நீடன்ட் ஹேவ் சென்ட் இட்' என்றால் அனுப்பிவிட்டார், அது வீண். இலக்கணத்துக்கு அழகுதான். வீணாய்ப்போனதை எதற்குச் சுட்டிக்காட்ட வேண்டும்? நன்றி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதே மேல்.

'நாட் ரிக்வயர்டு', 'நாட் மேண்டேட்டரி' இரண்டும் விதி பேசுகிற இடத்துக்கு. சான்றிதழ், படிவம், அவ்வளவுதான்.

'தட் வோன்ட் பி நெசசரி' வேறு ரகம். மேலுக்கு மரியாதை, உள்ளே குளிர். 'இஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'வோன்ட் பி' வருவதால் கொஞ்சம் வழவழப்பு உண்டு, ஆனால் பேச்சு அத்தோடு முடிந்தது என்ற செய்தியும் உண்டு. பெரும்பாலான இடங்களில் நான் இதைத் தொடமாட்டேன். கேட்காமலே கூடுதல் இன்ஸ்பெக்‌ஷன், கூடுதல் இன்ஷூரன்ஸ் என்று மூன்றாவது தடவை மெயில் போடுகிறவருக்கு மட்டும் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மோசமானது 'டோன்ட் பாதர்'. சிரமப்படாதீர்கள் என்ற நினைப்பில்தான் நம் ஆட்கள் எழுதுகிறார்கள். நண்பர்களுக்குள் பேச்சில் அது அப்படியும் இருக்கலாம். ஏதோ ஒரு ஆவணம் அனுப்பத் தாமதமானதற்கு வருத்தம் சொல்லி எழுதிய பையருக்கு 'டோன்ட் பாதர்' என்று பதில் போனால், 'நீங்கள் அனுப்பிக் கிழித்தது போதும்' என்றுதான் காதில் விழும். சிரமம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் எண்ணம் என்றால் 'ப்ளீஸ் டோன்ட் கோ டு எனி ட்ரபிள்' இருக்கிறது. நீளம்தான், ஆனால் அவர் படும் பாட்டை நாம் மதிப்பது தெரியும்.

'யூ ஷுடன்ட் ஹேவ்' பரிசு கையில் வந்த நொடிக்கு. பையர் சாக்லேட் பெட்டி கொண்டுவந்தால் சொல்லலாம். பாதியில் நிறுத்தினால் நன்றி. 'ப்ராட் திஸ்' என்று வாக்கியத்தை முழுசாக்கினால் குறை சொல்வது போலாகிவிடும். இலக்கணம் தெரிந்தவர்களுக்குத்தான் அதை முடிக்கக் கை பரபரக்கும். அதே பையர் நம் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பார்த்து 'ஓ, யூ ஷுடன்ட் ஹேவ்' என்றால் பதறிப்போய்த் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பது 'ஐ ஆம் குட்', 'வீ ஆர் ஆல் செட்'. இரண்டும் அமெரிக்கப் பேச்சு, மெயிலுக்குக் கொண்டுவரத் தேவையில்லை, காதுக்குப் பழகியிருந்தால் போதும். ஏனென்றால் ஆலைக்கு வந்தவரிடம் இளநீர் வேண்டுமா என்று கேட்டால் 'ஐ ஆம் குட்' என்பார். நலமாக இருக்கிறாராம் என்று நினைத்து வெட்டிவிடுவோம். அவர் சொன்னது வேண்டாம். அது புரிந்தாலும், வந்த ஆளிடம் ஒரு தடவை மட்டும் கேட்டு விடுகிற பழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. சரி, வெட்டிக் கையில் கொடுத்தாயிற்று என்றால் கூடவே 'யூ டோன்ட் ஹேவ் டு ஃபினிஷ் இட்' என்று சொல்லிவிடுங்கள். பாதி குடித்துவிட்டு வைக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.