வெளிநாட்டு நண்பருக்கு அமெரிக்க இசை: எந்தப் பதிவை அனுப்பலாம்?

ஜெர்மனியில் இருக்கும் இசைப் பிரியருக்கு அமெரிக்காவிலிருந்து பீத்தோவன் வாங்கி அனுப்பி என்ன பயன்? கோப்லாண்ட், கெர்ஷ்வின், பார்பர் என்று இந்த மண்ணில் பிறந்த இசையைத்தான் அனுப்ப வேண்டும். அதுவரை சரி. ஒரே படைப்புக்குப் பத்துப் பதிவுகள் இருக்கும்போதுதான் கை தயங்குகிறது.

ஆரன் கோப்லாண்டின் 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்'கையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் பில்ஹார்மானிக் என்ற ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1961ல் செய்த பதிவைத்தான் பலரும் வாங்கச் சொல்வார்கள். துடிப்பான, மனம் நிறைகிற பதிவு. ஆனாலும் பரிசாக அனுப்ப நான் தேடுவது, கோப்லாண்டே நடத்தி 1973ல் பதிவான பழைய வடிவத்தை.

இந்த இசை மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காகப் பிறந்தது. 1944 அக்டோபரில் வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தின் சிறிய அரங்கில் அரங்கேறியது. வாத்தியக்காரர்களுக்கு அங்கே இடம் போதாது. அதனால் 13 வாத்தியங்கள்தான்: ஒரு புல்லாங்குழல், கிளாரினெட், பசூன், பியானோ, மீதி எல்லாம் தந்தி வாத்தியங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கான வடிவம் பிறகுதான் வந்தது, அதுவும் சில பகுதிகளை விட்டுவிட்டு. ஷேக்கர் சமயத்தாரின் பழைய பாட்டு ஒன்றைக் கிளாரினெட் தனியாக எடுக்கும் இடம் இருக்கிறதே, 13 பேர் வாசிக்கும்போது அது பக்கத்து அறையில் யாரோ பாடுவதுபோல நெருங்கி வருகிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் கம்பீரம் ஐரோப்பியருக்குப் பழகிய விஷயம். இந்த எளிமைதான் அவருக்குப் புதிது.

கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ'விலும் இதே கேள்விதான். பெர்ன்ஸ்டைன் தானே பியானோ வாசித்து, தானே நடத்திய 1959ஆம் ஆண்டுப் பதிவு ஒரு பக்கம். நிதானமாக, ஏக்கத்தோடு போகிறது. இன்னொரு பக்கம், இசைக்குழு நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸின் 1976ஆம் ஆண்டுப் பதிவு. கெர்ஷ்வின் 1937லேயே இறந்துவிட்டார். ஆனால் 1925ல் அவர் வாசித்தது, தானாக வாசிக்கும் பியானோவில் மாட்டுகிற துளையிட்ட காகிதச் சுருளாக, அதாவது பியானோ ரோலாக, மிஞ்சியிருந்தது. அந்தச் சுருளில் ஆர்க்கெஸ்ட்ராவின் பகுதியையும் அவரே பியானோவில் வாசித்திருந்தார். அந்தத் துளைகளை மட்டும் அடைத்துவிட்டு, அந்த இடங்களில் ஜாஸ் குழுவை வாசிக்க வைத்தார்கள். வேகம் மூச்சு வாங்க வைக்கும். வாத்தியக்காரர்கள் சில இடங்களில் சுருளைத் துரத்திக்கொண்டே ஓடுவது காதில் விழுகிறது. 1924ல் பால் வைட்மனின் குழு முதன்முதலில் வாசித்தபோதும் இது ஜாஸ் குழுவுக்கான இசைதான். இந்தப் படைப்பை ஏற்கெனவே கேட்டவருக்கு இரண்டாவது. முதல் தடவை கேட்கப்போகிறவர் என்றால், யோசிக்காமல் பெர்ன்ஸ்டைன்.

சாமுவேல் பார்பரின் 'நாக்ஸ்வில்: சம்மர் ஆஃப் 1915'தான் என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது. ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு பெண் பாடும் பாட்டு இது. டென்னசியில் ஒரு கோடைச் சாயங்காலம், டிராம் போகும் சத்தம், புல்வெளியில் விரித்த மெத்தைப் போர்வையில் படுத்திருக்கும் குடும்பம், அதைப் பார்க்கும் ஒரு குழந்தை. இதை எழுதச் சொன்னவரும் 1948ல் முதலில் பாடியவரும் எலனோர் ஸ்டீபர். அவர் குரலில் 1950ல் பதிவானது ஒரு பொக்கிஷம், ஆனால் மோனோ ஒலி, அதாவது இடம் வலம் என்று பிரியாத பழைய பதிவு. டான் அப்ஷா 1980களின் கடைசியில் பாடியது தெளிவாக இருக்கிறது. குரலும் குழந்தைமைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்பது முக்கியம் அல்லவா? அதனால் அப்ஷா.

அப்புறம் ஒரு விஷயம். இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள், சிடியாகவே அனுப்புங்கள். டிவிடிக்கு இருப்பதுபோல மண்டலத் தடை சிடிக்குக் கிடையாது, எந்த நாட்டிலும் ஓடும். பாட்டின் வரிகள் அச்சிட்ட சிறுநூல் உள்ளே இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்ஷாவைக் கேட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று அவர் எழுதினால், அடுத்த பிறந்தநாளுக்கு ஸ்டீபர்.