பெட்டியில் வராத மாருத்: ஆறு வருடம் கழித்து

எச்எஃப்-24 மாருத் போர் விமானத்தின் மாதிரியை 1:24 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்காக, கட்டி முடித்து இந்தப் பங்குனியோடு நான்கு வருடம். முதல் கோடு வரைந்ததிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு. முடித்த அன்று எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு பசையையும் பெயிண்டையும் பற்றி அபிப்பிராயம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அன்றைக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். என்னுடையது நாகர்கோவிலில், ஷீட் போட்ட மாடியறையில் நிற்கிறது. பங்குனி, சித்திரையில் அந்த அறையில் மெழுகுவர்த்தி குனிந்துவிடும். இடவப்பாதி, ஐப்பசி என்று வருடத்துக்கு இரண்டு மழை, போதாததற்கு உப்புக் காற்று. இதையெல்லாம் நாலு சுற்று பார்த்துவிட்டுச் சொல்வதுதான் இது.

பெரிய விமானம் கட்ட ஆசைப்படுகிறவருக்குப் பெட்டியில் பாகம் பாகமாகக் கிடைப்பது ஸ்பிட்ஃபயர். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1970-லேயே அதை 1:24-ல் போட்டுவிட்டது. அப்புறம் மெஸ்ஸர்ஷ்மிட், மஸ்டாங். எல்லாம் வெளிநாட்டு விமானங்கள். நம் ஊரில் வரைந்து நம் ஊரில் கட்டிய ஜெட்டுக்கு சின்ன அளவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிட் வந்ததோடு சரி. ஃபோக்-உல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க், பெங்களூருக்கு வந்து அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் உட்கார்ந்து போட்ட டிசைன் மாருத். 1961 ஜூன் 17 அன்று முதல் முறை பறந்தது, மொத்தம் 147 கட்டினார்கள், 1990-ல் ஓய்வு கொடுத்தார்கள். மாருதம் என்றால் காற்று. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பெயரே பாதி காரணம்.

விமானத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர். 24-ஆல் வகுத்தால் 66 செ.மீ., 37.5 செ.மீ. கணக்கு அவ்வளவுதான். சிக்கல் நடுவில் இருந்தது. என்னிடம் மூன்று வரைபடம் இருந்தது, மூன்றிலும் வால் வேறு வேறு. அதைவிட மோசம் இடுப்பு. ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவை ஏறாமல் இருக்க, இறக்கை சேரும் இடத்தில் உடலை ஒடுக்கியிருப்பார்கள். மாருத்தின் அழகே அந்த ஒடுங்கல்தான். இரண்டு வரைபடத்தில் அந்த இடம் பைப் மாதிரி நேராகப் போகிறது. கடைசியில் பெங்களூருக்கு ரயிலேறி, எச்.ஏ.எல். மியூசியத்தில் வெளியே நிற்கும் மாருத்தைச் சுற்றி ஒரு பகல் முழுக்க நடந்தேன். பக்கத்தில் நின்று அகல லென்ஸில் எடுத்த படம் அளவுக்கு உதவாது, மூக்கு வீங்கிவிடும். எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய், ஜூம் போட்டு, நேர் பக்கவாட்டில் எடுத்தால்தான் ஸ்கேலோடு ஒத்துப்போகும். அந்தப் படங்களை முழு நீளத்துக்குப் பொருத்தி மறுபடி வரைய இரண்டு மாதம் ஆனது. ஆறு வருடத்தில் ஒரு முறைகூட வருந்தாத இரண்டு மாதம் அது.

எனக்குப் பிழைப்பு ஸ்டிக்கர் கட்டிங் கடை. பிவிசி ஃபோம் ஷீட் துண்டுகள் கடையில் சும்மாவே கிடக்கும். 5 மி.மீ. ஷீட்டில் குறுக்குச் சட்டங்களை வெட்டி, அலுமினியக் குழாயில் வரிசையாகக் கோத்து, இடைவெளியில் தெர்மோகோல் நிரப்பித் தேய்த்தேன். உருவம் வந்துவிட்டது. மேலே ஃபைபர் போட்டால் முடிந்தது என்று ரெசினைத் தடவினேன். பத்து நிமிடத்தில் தெர்மோகோல் சுருண்டு, புற்று வைத்த மாதிரி ஓட்டை ஓட்டையாக உள்ளே போனது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிணத்தைப் பையில் போட்டுக்கொண்டு குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது மக்கா, நெய்மீன் கணக்கா இருக்கு?"

"விமானம் அண்ணாச்சி."

"தெர்மோகோலுக்கு மேல நேரா ரெசின் போட்டா அது தின்னுரும்லா. பாக்கிங் டேப்பச் சுத்து, மெழுகு பிடி, அப்புறம் போடு."

அவரிடம் ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலமாகப் போய் நின்றேன். முதலில் கற்றுக்கொண்டது பாதுகாப்பு. ரெசின் இறுகுவதற்காக அதில் முதலில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் அவர் வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. இரண்டாவது, தடவிப் பார்ப்பது. அச்சில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று நான் லைட் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "பாக்காத. கண்ண மூடிட்டு உள்ளங்கைய நீட்டமா இழு" என்றார். இழுத்தேன். நேராக இருக்கிறது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த முதுகில் மூன்று இடம் தட்டியது.

மாருத்துக்கு எஞ்சின் பொருத்துவதற்கு முன்னால், 1959-ல், அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அதைப் படித்ததும் எனக்கும் மரத்தின் மேல் ஆசை வந்து, இரண்டாவது அச்சை ரப்பர் மரத்தில் செதுக்கினேன். நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? செதுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி விடாது. அச்சிலிருந்து உடலின் இரண்டு பாதி ஃபைபர் ஓடும் எடுத்து முடித்த எட்டாம் மாதம், அச்சுக்குக் கீழே மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தது. ஓடு தப்பித்தது, அச்சு போனது. இன்னொரு மாருத் வேண்டுமென்றால் மறுபடி செதுக்க வேண்டும்.

சரி, நான்கு வருடத்தில் எது நின்றது?

ஃபைபர் உடல் கல் மாதிரி நிற்கிறது. வெளிப்பரப்பில் முதலில் டிஷ்யூ மேட் என்கிற மெல்லிய கண்ணாடி நார் விரிப்பு, அதற்குப் பின்னால் கனமான 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு. வயிற்றுப் பகுதியில் டிஷ்யூ தீர்ந்துபோனதால் போடாமல் விட்டேன். அங்கே மட்டும் இரண்டாம் வருடம் பெயிண்டுக்குள்ளிருந்து நார் நாராக மேட்டின் தடம் எழும்பிவிட்டது. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் எனக்குத் தெரியுமே.

இரண்டு பாதியும் சேரும் கோட்டை மறைக்க, முன்பக்கம் தின்னரில் குழைத்து வரும் என்சி பட்டியும், பின்பக்கம் கார் டிங்கரிங்கில் போடுகிற, ஹார்டனர் கலக்கும் பட்டியும் போட்டிருந்தேன். திட்டமிட்டுச் செய்த சோதனை ஒன்றுமில்லை, முதல் டப்பா காலியாகிவிட்டது. என்சி பட்டியில் இருக்கும் தின்னர் மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும், அதோடு பட்டியும் உள்ளே இறங்கும். மூக்கிலிருந்து காக்பிட் வரை ஆபரேஷன் தையல் மாதிரி ஒரு கோடு தெரிகிறது. பின்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மெல்லிய கீறலுக்கு மட்டும் என்சி, மற்றதற்கு ஹார்டனர் பட்டி.

பிவிசி ஃபோம் ஷீட் இறக்கை எனக்கு ஏமாற்றம். ஜன்னல் பக்கம் இருந்த இடது இறக்கையின் நுனி, இரண்டு கோடையில் 4 மி.மீ. மேலே தூக்கிக்கொண்டது. வெட்டவும் தேய்க்கவும் சுகமான பொருள்தான், ஆனால் சூட்டில் தன் பாட்டுக்கு இளகும். உள்ளே ஒரு அலுமினியப் பட்டை வைத்திருந்தால் நின்றிருக்கும். போன வருடம் இறக்கையைப் பிளந்து அதைத்தான் செய்தேன்.

சக்கரங்களைத் தக்கலையில் ஒரு பையனிடம் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்தேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. என் விமானத்தின் எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் சித்திரையிலேயே மூன்று சக்கரமும் காற்றிறங்கிய டயர் மாதிரி அடியில் சப்பிவிட்டன. வந்தவர்களில் இரண்டு பேர், டயர் தொய்வைக்கூடத் தத்ரூபமாகக் காட்டியிருக்கிறீர்களே என்று பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. அப்புறம் லேத் பட்டறையில் நைலான் கட்டையில் கடைந்து மாற்றினேன். எடை தாங்காத இடத்தில், அதாவது காற்று உள்வாங்கும் வாய்களில் நிற்கும் அரைக்கூம்புகளில், பிரிண்ட் எடுத்தது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. லேண்டிங் கியருக்கு உள்ளே வைத்த சைக்கிள் கம்பி துருப்பிடித்து, பெயிண்டை மீறிச் செம்பழுப்பாகக் கசிந்தது. கடலோரத்தில் இரும்பை நம்பியது என் தப்பு. இப்போது பித்தளைக் குழாய்.

காக்பிட் மூடிக்கு முதலில் அசிடேட் ஷீட், ஒரு வருடத்தில் சுருங்கிக் கோணிக்கொண்டது. பிறகு இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்குள் மர அச்சைத் திணித்து ஹீட் கன் காட்டினேன். பாட்டில் சுருங்கி அச்சைக் கவ்விக்கொண்டது. ஏழு பாட்டில் வீணாய்ப் போய் எட்டாவது சரியாக வந்தது. மொத்தச் செலவு சுமார் 11,000 ரூபாய் ஆன இந்த வேலையில், குறைந்த காசில் முடிந்து குறையே சொல்ல முடியாத பாகம் அதுதான்.

பெயிண்ட் அடிக்க நம் மாவட்டத்தில் தை முதல் பங்குனி வரைதான் காலம். மற்ற மாதங்களில் ஈரக் காற்றில் லாக்கர் பெயிண்ட் பால் தெளித்த மாதிரி வெளுக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சமாளிக்கும், முழுக்க இல்லை. காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை இங்க்ஜெட்டில் அச்சடித்து ஒட்டிய பக்கம் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. வினைலில் மாஸ்க் வெட்டி ஸ்பிரே செய்த பக்கம் அப்படியே இருக்கிறது. மாஸ்க்கை நேராக ஒட்டினால் உரிக்கும்போது அடிப் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். பேன்ட் தொடையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்து, பசையின் வீரியத்தைக் குறைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும்.

இடையில் வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி என்ற பழைய விமானமும் 1:24-ல் ஒன்று கட்டினேன். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் நான்கு வாப்பிட்டியோடுதான் தொடங்கியது. இரட்டை இறக்கை, நடுவில் ஏகப்பட்ட கம்பி. எல்லாவற்றுக்கும் வலைக்கடை நைலான் தங்கூசி போட்டேன். தளர்ந்த இடத்தில் ஊதுபத்தியைக் கிட்டே கொண்டுபோனால் விறைக்கும். இம்மி அதிகம் நெருங்கினால் அறுந்தே போகும். மழைக்காலத்தில் நைலான் ஈரம் குடித்துத் தொய்யும், கோடையில் தானாகவே இறுகும். என் வீட்டில் பஞ்சாங்கத்துக்குப் பதில் அதைப் பார்க்கலாம்.

போன மாதம் குளச்சல் பெரியவர் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், வீட்டுக்கும் வந்தார். மாருத்தை அவர் முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெயிண்டையோ, வட்டத்தையோ, நான் பெருமையாகக் காட்டிய காக்பிட்டையோ அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரை உள்ளங்கையை இழுத்தார். இடுப்புக்குப் பின்னால் ஒரு இடத்தில் கை நின்றது.

"இங்கன ஒரு பள்ளம் கெடக்கே மக்கா."

நான் தடவிப் பார்த்தேன். கிடக்கிறது. பென்சிலால் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பட்டி போட வேண்டியது தை பிறந்த பிறகு.