ஊருக்குப் போனபோது அப்பாவின் கணினிக்கு யூஎஸ்பி கார்டு போட்ட அனுபவம்

வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோர் வீட்டுக் கணினியைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு இந்த நிலைமை தெரிந்திருக்கும். விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர், வீடியோ அழைப்புக்கு ஒரு கேமரா, யூபிஎஸ் கேபிள் எல்லாம் செருகியபின் பின்பக்கத்தில் யூஎஸ்பி போர்ட் (செருகும் துளை) ஒன்றுகூட மிச்சம் இருக்காது. பழைய படங்களைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் செருக வேண்டுமென்றால் அப்பா பிரிண்டரைப் பிடுங்குவார். அப்புறம் அம்மா ஏதாவது அச்சடிக்க வரும்போது பிரிண்டர் வேலை செய்யாது. இந்த முறை விடுமுறைக்குப் போனபோது, கணினிக்குள் பொருத்தினால் கூடுதல் போர்ட் தரும் யூஎஸ்பி கார்டு ஒன்றைப் போட்டு, இதை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்.

முதலில் கூப்பிட்ட சர்வீஸ் நிறுவனத்தில், பெட்டியைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார்கள்: "பழைய மெஷின் சார், புதுசா வாங்கிடுங்க." எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்தக் கணினியில் எந்தக் குறையும் இல்லை. அப்பாவின் தேவைக்கு அது தாராளம், போர்ட் மட்டும்தான் போதவில்லை. வயதானவர்களிடம் இப்படிச் சொன்னால் அவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதுதான் கவலை.

அடுத்து, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் இளம்பெண் வந்தார். கணினிப் பழுதுபார்ப்பதுதான் அவருக்குத் தொழில். அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வருவதற்கு முன்பே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டார். பெட்டி அகலமானதா, ஒல்லியானதா? எந்த விண்டோஸ்? முதல் கேள்விக்குக் காரணம், ஒல்லிப் பெட்டிகளில் கார்டைத் தாங்கும் உலோகப் பட்டை குட்டையாக இருக்க வேண்டும். சாதாரணப் பட்டை சுமார் 12 சென்டிமீட்டர், குட்டைப் பட்டை சுமார் 8 சென்டிமீட்டர். தவறானதை வாங்கினால் பெட்டியை மூடவே முடியாது. இரண்டாவது கேள்விக்குக் காரணம், விண்டோஸ் 8 முதல் யூஎஸ்பி 3.0-க்கான (2.0-ஐவிட வேகமான தலைமுறை) டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 7 என்றால் கார்டுக்குரிய டிரைவரைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். அப்பாவிடம் இருந்தது விண்டோஸ் 10.

வந்ததும் பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, டார்ச் அடித்துப் பார்த்தார். கணினியின் முக்கியப் பலகையான மதர்போர்டில், கார்டு செருகுவதற்கான சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டும் காலிதான். சின்ன கார்டு நீள ஸ்லாட்டிலும் உட்காரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, சின்ன ஸ்லாட் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். மதர்போர்டில் பயன்படுத்தாத ஒன்பது பின் இணைப்பு ஒன்றையும் காட்டினார். பட்டையோடு வரும் சாதாரணக் கேபிள் ஒன்றை அதில் மாட்டினாலே இரண்டு யூஎஸ்பி 2.0 போர்ட் கிடைத்துவிடும். மவுஸ், பிரிண்டர் மட்டும் என்றால் அதுவே போதும், கார்டே வேண்டாம் என்றார். விற்க வந்தவர் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்பாவுக்கு ஹார்ட் டிஸ்க்கின் வேகம் தேவை. யூஎஸ்பி 2.0 வழியாக விநாடிக்கு 30 மெகாபைட் சுமாருக்குத்தான் நகல் எடுக்கும். 200 ஜிபி படங்கள் என்றால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். 3.0 போர்ட்டில் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே 100 மெகாபைட் தரும், அரை மணி நேரச் சொச்சத்தில் வேலை முடியும்.

அதற்குப் பிறகு அவர் பார்த்தது பவர் சப்ளையை. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. யூஎஸ்பிக்கு வேண்டியது 5 வோல்ட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் வருவதோ 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மட்டுமே. அதனால் கார்டு 12 வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வாங்க வேண்டும். யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று 900 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். நான்கு போர்ட் என்றால் 3.6 ஆம்பியர், அதாவது 18 வாட். தனி மின்சாரம் இல்லாத மலிவு கார்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகினால் ஒன்று திடீரென்று காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நகல் எடுக்கும் நடுவில் அப்படி ஆனால் கோப்புகளே கெட்டுப்போகலாம். அப்பாவின் பெட்டியில், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் சாட்டா மின் ஒயர் ஒன்று உபரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது 5 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் வரை தாங்கும், போதும். அது இல்லாவிட்டால் பழைய நான்கு பின் மோலெக்ஸ் இணைப்பு நேரடியாக உள்ள கார்டே வாங்கிவருவேன், மோலெக்ஸைச் சாட்டாவாக மாற்றும் துண்டு ஒயரைப் போட மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் வார்த்துச் செய்த அப்படிப்பட்ட மலிவு மாற்றிகள் சூடேறி உருகிய சம்பவங்கள் உண்டு. அந்த எச்சரிக்கை உணர்வுக்காகவே அவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

மறுபடி வந்தபோது, சாட்டா மின் இணைப்பு உள்ள நான்கு போர்ட் கார்டு ஒன்றை இரண்டு அளவுப் பட்டையோடும் கொண்டுவந்தார். பொருத்துவது எளிய வேலைதான். மின் ஒயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கொண்டு, ஸ்லாட்டுக்கு நேரே பின்பக்கத்தில் உள்ள மூடிப் பட்டையை எடுத்துவிட்டு, கார்டை நேராக அழுத்தி, ஒரு திருகு. அப்பா பக்கத்தில் நின்று "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "பயப்படாதீங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே முடித்தார். விண்டோஸ் தானாகவே கார்டை அடையாளம் கண்டுகொண்டது.

அதோடு கிளம்பாமல் நான்கு போர்ட்டிலும் ஏதாவது ஒன்றைச் செருகி, பெரிய கோப்பு ஒன்றை நகல் எடுத்துப் பார்த்தார். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், மின்சாரத்தைச் சேமிக்க யூஎஸ்பியை அணைத்துக்கொள்ளும் தேர்வை எடுத்துவிட்டார். கணினி ஸ்லீப்பிலிருந்து எழும்போது டிஸ்க் தெரியாமல் போகும் தொல்லை இதனால் பெருமளவு தவிரும்.

போகும்போது அப்பாவிடம் சொன்ன இரண்டு விஷயங்களும் முக்கியமானவை. விசைப்பலகையை மதர்போர்டின் பழைய போர்ட்டிலேயே வைத்திருங்கள் என்றார். சில கணினிகளில் விண்டோஸ் தொடங்குவதற்கு முன், பயாஸ் திரையில், கார்டின் போர்ட்டுகள் வேலை செய்யாது. வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவரைப் புதிய கார்டின் நீல நிற 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருக வேண்டாம், முன்பக்கம் செருகுங்கள் என்றார். யூஎஸ்பி 3.0 ஓடும்போது, இத்தகைய மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் 2012-இலேயே இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கு ஒரே மனக்குறை கார்டின் பெட்டியைப் பற்றித்தான். "5 ஜிபிபிஎஸ்" (விநாடிக்கு 5 கிகாபிட்) என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள், உள்ளே எந்த நிறுவனத்தின் சிப் என்று எங்குமே இல்லை. ரெனெசாஸ், வியா, ஏஎஸ்மீடியா என்று பல சிப்புகள் இருக்கின்றன. லினக்ஸ் போடுகிறவர்களுக்கும் பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிவது அவசியம். கார்டைக் கையில் எடுத்து சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நான்கு போர்ட் இருந்தாலும், இந்த மாதிரி கார்டு ஸ்லாட்டோடு பேசுவது ஒரே லேன் (தரவு போகும் பாதை) வழியாகத்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 என்றால் அந்த ஒரு லேனுக்கு விநாடிக்கு 500 மெகாபைட்தான் உச்சம், முதல் தலைமுறை ஸ்லாட் என்றால் அதிலும் பாதி. நான்கு போர்ட்டும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு சமயத்தில் ஒரு டிஸ்க் செருகும் வீட்டில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் 10 ஜிபிபிஎஸ் கார்டு என்று யாராவது கூடுதலாகப் பணம் கேட்டால், உங்கள் மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-இல் குறைந்தது இரண்டு லேன் உள்ள ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த முழு வேகம் உங்களுக்குக் கிடைக்காது.