ஊறவைத்த இறக்கையா, உலர்மசாலா இறக்கையா?

கோழி இறக்கையில் இறைச்சி கொஞ்சம்தான். அதைப் போர்த்தியிருக்கும் தோலுக்காகவே பலரும் அதை விரும்பி உண்கிறார்கள். ஆகவே ஓவனில் வாட்டும் இறக்கைக்கு எந்த மசாலா முறை ஏற்றது என்று கேட்டால், தோல் என்ன ஆகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தயிர், எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது ஆகியவற்றில் ஊறவைத்து வாட்டுவது ஒரு முறை. ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுப் பொடிகளை மட்டும் பூசி வாட்டுவது மற்றொரு முறை. ஒரு கிலோ இறக்கையை இரு பங்காக்கி, ஒரே ஓவனில் இரண்டையும் செய்து பார்த்தேன்.

ஊறவைத்த பங்கு ஓவனுக்குள் போய் இருபது நிமிடம் ஆனதும் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ட்ரேயில் வெண்மையாகத் திரிந்த நீர் தேங்கி, இறக்கைகள் அதில் பாதி மூழ்கிக் கிடந்தன. வாட்டுவதாக நினைத்துக்கொண்டு நாம் வேகவைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இதன் பொருள். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை தோலின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை அதிகம் தாண்டாது. தோல் பொன்னிறமாவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த நீர் முழுவதும் வற்றிய பிறகுதான் சிவக்கத் தொடங்குகிறது. அதற்குள் மேலே ஒட்டியிருந்த பூண்டு விழுது கருகிவிடுகிறது. ஊறவைத்தால் சுவை உள்ளே இறங்கும் என்பார்கள். உப்பு இறங்கும், உண்மைதான். ஆனால் மற்ற மசாலாக்கள் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. தோல் நீக்கிய நெஞ்சுக்கறிக்குத் தயிர் தரும் மென்மை பெரிய உதவி; எலும்பும் தோலும் கொழுப்பும் சூழ்ந்த இறக்கைக்கு அது தேவையே இல்லை.

உலர்மசாலா முறைக்குப் பொறுமை மட்டும் வேண்டும். இறக்கைகளை டிஷ்யூ காகிதத்தில், அது நனைவது நிற்கும்வரை ஒற்றியெடுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், பூண்டுப் பொடி ஆகியவற்றைக் கலந்து, மாவு பூசியதுபோல் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவி, கம்பித் தட்டின்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் தொட்டால் தோல் காகிதம்போல் இழுத்துக்கட்டியிருக்கும். பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையை (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) சற்று உயர்த்துவதால் நிறம் விரைவாகப் பிடிக்கிறது. அது உண்டாக்கும் நுண்ணிய வாயுக்குமிழ்கள் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவில் போட்டுவிடாதீர்கள். அது பலமடங்கு வீரியமானது. ஒருமுறை டப்பாவை மாற்றி எடுத்து, சோப்பு வாசனை வீசிய ஒரு ட்ரே இறக்கையைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். சர்க்கரையையும் பொடியில் சேர்க்க வேண்டாம், கருகும்.

வெப்பத்தில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. 220 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும். உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்டதுமே உண்பதற்குப் பாதுகாப்பானதாகிவிடும் என்றாலும், 85 டிகிரிவரை போனால்தான் மூட்டைச் சுற்றிய இணைப்புத்திசு இளகி, கறி எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். கொழுப்பு நிறைந்த இறக்கை என்பதால் அந்த வெப்பத்திலும் வறண்டுபோவதில்லை.

உலர்முறையில் ஒரு குறை இருக்கிறது: புளிப்பும் பச்சைப் பூண்டின் காட்டமும் அதில் இல்லை. ஊறவைக்கும் கலவையில் நாம் விரும்பியவை அவைதான். அவற்றைத் தோலிலிருந்து எடுத்துக் கிண்ணத்துக்கு மாற்றிவிடலாம் என்பதே என் தரப்பு. தொட்டுக்கொள்ளும் சாஸுக்குத் தயிர், மயோனைஸ் என்ற இரண்டு அடிப்படைகளும் போட்டியிடுகின்றன. வீட்டில் அடித்த மயோனைஸ் செழிப்பானது, ஆனால் கொழுப்பு வடியும் இறக்கையோடு சேரும்போது நான்காவது துண்டிலேயே திகட்டுகிறது. பச்சை முட்டைக்கரு என்பதால் அறை வெப்பத்தில் நெடுநேரம் வைக்கவும் முடியாது. தயிரை ஒரு மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடிகட்டினால் அதே கெட்டித்தன்மை கிடைக்கும், புளிப்பு நாக்கையும் கழுவிவிடும். ஒரு கப் வடித்த தயிருக்கு ஒரு பல் பூண்டு போதும். அதை நசுக்கி, முதலில் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டுத் தயிரில் கலந்தால் காட்டம் சற்றுத் தணிந்து மணம் தூக்கலாக நிற்கும். பிறகு உப்பு, மிளகுத்தூள், நறுக்கிய கொத்தமல்லி. மயோனைஸை முற்றிலும் விட மனமில்லாதவர்கள் இரண்டு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். நானும் சில நாள் சேர்ப்பதுண்டு.

வெண்ணெயும் மிளகாய்ச் சாஸும் உருக்கி இறக்கைகளை அதில் புரட்டியெடுப்பவர்கள் பரிமாறும் நொடியில் செய்யட்டும். புரட்டிய துண்டைப் பத்து நிமிடம் கழித்து முள்கரண்டியால் தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. அருகில் சாஸ் படாமல் கிடந்த துண்டு அப்போதும் ‘டக்’கென்று ஒலித்தது.